மேல்வீட்டுத் தண்ணீர்

ஆசாரிப்பள்ளத்தில் ராத்திரி டியூட்டி முடித்து
எட்டரைக்கு வந்து படுத்தால்
பால்கனித் தகரத்தில் டப் டப்பென்று
மேல்வீட்டு ஏசி.
மூன்று நாள் பொறுத்தேன்.
நாலாம் நாள் குழாய் நுனியை இழுத்து
காலிப் பெயிண்ட் வாளிக்குள் விட்டேன்.
புண்ணியம் தேடி அல்ல,
தூக்கத்துக்காக.

மறுநாள் பார்த்தால் வாளி பாதி.
ஆய்வகத்தில் ஊரார் ரத்தத்தை
மில்லி மில்லியாய் அளக்கிறவள்;
இதையும் அளந்தேன்.
ஒன்பது லிட்டர் சொச்சம்.
லாரித் தண்ணீருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று
லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டிய
சித்திரை வாரம் அது.

தரை துடைக்கக் கொஞ்சம்,
காந்தாரி மிளகுக்கு ஒரு கப்,
கறிவேப்பிலைக்கு இரண்டு,
மீதி கக்கூசுக்கு.
உப்பே கிடையாது, அயர்ன் பாக்ஸ்கூட
முகம் சுளிக்காமல் குடித்தது.

மக்குகிற குப்பைக்கு இன்னொரு வாளி.
அதில்தான் மானம் போயிற்று.
சாளைத் தலைகளை ஆழமாய்ப் புதைக்காமல் விட்டதில்
செயலாளர் செல்வின்ராஜ்
கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி பெல்லடித்தார்.
ஞாயிறானால் பதினாறு வீட்டுச் சட்டியிலும்
மீன் கொதிக்கிற கட்டடம் இது, ஓய்,
என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.
கேட்கவில்லை.
கதம்பல் சோறு இரண்டு கை கூடுதலாய்த் தூவினேன்.

பெருமைப்பட்டுக்கொள்ளவும் வழியில்லை.
ஐப்பசியானால் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் தண்ணீர்.
மோட்டார் வைத்து இறைத்தால்
விடிவதற்குள் மறுபடி ஊறி நிற்கும்.
வயல் இது.
மூலப்பத்திரத்தில் நஞ்சை என்றே இருக்கிறது.
அதை மூடிய கான்கிரீட்டின் இரண்டாம் மாடியில்
ஒரு கீரைத்தொட்டிக்கு
மண் கிளறிக்கொண்டிருக்கிறேன் நான்.

சொட்டு மட்டும் பழகிவிட்டது.
லீவு ராத்திரிகளில் படுத்தபடி கேட்பேன்.
ஒரு மணிக்கு நின்றால் பிள்ளை உறங்கிவிட்டது.
மூன்றுக்குத் தொடங்கினால் விழித்துவிட்டது.
தபால்பெட்டியில் மெர்லின் சுபா என்று பெயர்.
புருஷன் கப்பலில்.
முகம் சரியாய்ப் பார்த்ததில்லை.
ஆனால் அந்த அறையின் ஈரம்,
அவள் மூச்சும் பிள்ளையின் மூச்சும்,
காயப்போட்ட துணியிலிருந்து எழுந்ததும்
குளிர்ந்து விழுந்துதான்
என் மிளகுச்செடி காய்க்கிறது.

வைகாசிக் கடைசியில் இரண்டு நாள்
வாளியில் ஒன்றுமில்லை.
விளிம்பில் ஒரு கொசு, ஏமாந்து.
மூன்றாம் நாள் அவளே இறங்கி வந்தாள்.
இடுப்பில் பிள்ளை,
அதன் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குருப் பவுடர்.

"அக்கா, கரண்டு பில்லு ஏழாயிரம்.
அதான் நிறுத்திட்டேன்.
உங்களுக்குத் தண்ணி இல்லாமப் போச்சுல்லா?"

மேலிருந்து வாளியை
எல்லா நாளும் பார்த்திருக்கிறாள்.

"வேணும்னா உச்சைக்கு
ஒரு மணிக்கூர் போட்டுத் தாறேன்."

செடிக்கு ஊற்ற ஏசி.
அடக்கத்தான் பார்த்தேன்.
அவளுக்கும் அந்நேரம்தான் உறைத்திருக்க வேண்டும்,
நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பிள்ளை எங்கள் இருவர் வாயையும்
மாறி மாறிப் பார்த்தது.

மேற்குப் பக்கத்து ஜன்னலைத்
திறந்ததே இல்லையாம்.
ஏசி குளிர் வெளியேறாதிருக்க
டேப் ஒட்டி அடைத்தது.
ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாடியையும்
சுற்றப் போகிற காற்று
நம் வீட்டைத் தாண்டித்தானே போகிறது, பிள்ளே,
இந்த மாசம் முதல் அது இலவசம் என்றேன்.

அன்றைக்கு ராத்திரி மேலே
டேப் கிழிகிற சத்தம்.
துருப்பிடித்த கொண்டியோடு நெடுநேரம் மல்லுக்கட்டு.
பிறகு கொஞ்சம் அமைதி.
பிறகு ஒரு கதவு படாரென்று அறைந்ததில்
பிள்ளை வீறிட்டது.

முட்டுக்கொடுக்க
ஒரு பாதிக் கதம்பலை எடுத்துக்கொண்டு
படியேறினேன்.